பிலோமினாவின் கடைசி அத்தியாயம்

மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
26 மே 2024

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் போனை வைத்த பிறகு நான் எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை வவுனியா பஸ் கொண்டக்டர் தங்கராசாவிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே நம் நீல வாளியில் பாரைக் கருவாடும் கொஞ்சம் றால் கருவாடும் வருகிறது. கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், கருவாட்டோடு வேண்டாம்.

போனில் பாதியில் நின்றதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஓம், நான் வின்சனைக் கலியாணம் முடிக்கப் போகிறேன். என் புருசன், உங்கள் தம்பி அல்பேர்ட், நெஞ்சு வருத்தத்தில் கண்ணை மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. வின்சனை உங்களுக்குத் தெரியும். கரைக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஐஸ் கொண்டுவந்து போடுகிறவர். மனைவி செத்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு மெலிந்துபோனவர். கிளிநொச்சிக்குப் போய் மகள் ஜெயரூபினியிடம் சொன்னேன். "அம்மா, இதை உங்களிட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டு நான்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

அடுத்த மாதம் கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் கலியாண அறிவித்தல் வாசிப்பார்கள். யாருக்காவது தடை சொல்ல இருந்தால் சொல்லலாம் என்று பங்குச் சுவாமி கேட்பார். அந்த நேரம் நீங்கள் இல்லாமல், நாங்கள் வழமையாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வாங்கில் தனியாக இருக்க எனக்கு ஏலாது, மச்சாள். வந்து சாட்சிக் கையெழுத்தும் நீங்கள்தான் போடவேண்டும்.

இன்னொன்று. வின்சன் கிளிநொச்சியில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் எனக்கென்று ஒரு புத்தகம் வாங்கி வந்தார். அட்டையில் தோணிப் படம் இருந்ததாம், அதனால் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாராம். என்ன புத்தகம் தெரியுமா? 'பிலோமினாவின் தோணி'. வாசிப்பதும் பாவம், வைத்திருப்பதும் பாவம் என்று நம் கரையில் பீடத்திலிருந்து சொன்னார்களே, அரசாங்கமும் கொஞ்சக் காலம் தடை போட்டதே, அதே நாவல். மனுசன் அது ஒன்றும் தெரியாமல் வெங்காயத்தோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பாவம் என்றால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

உங்கள் மச்சாள்
யூலிற்றா


நெளுக்குளம்,
வவுனியா.
31 மே 2024

யூலிற்றாவுக்கு,

முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவள் நான். எனக்கு வருகிற கடிதத்தை பஸ் நிலையத்தில், நாலு பேர் பார்க்க, கருவாட்டு நாற்றத்தோடு வாங்க வேண்டி வந்தது. இனி எழுதுவதென்றால் முத்திரை ஒட்டி எழுதும். போன் அடிக்க வேண்டாம். போனில் நீர் அழுவீர், நான் இளகிவிடுவேன், கடைசியில் எல்லாம் உம்முடைய எண்ணப்படி முடியும். கடிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது.

நீர் இப்போது இருக்கிற வீட்டுக்கு அத்திவாரம் போட்ட நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து, தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்து, அல்பேர்ட் ஒவ்வொரு கல்லாக வைத்தான். லீவு போட்டுவிட்டு வந்து நானும் மண் சுமந்தேன். அந்த வீட்டில் அவனுடைய கதிரையில் ஐஸ்காரர் ஒருவர் இருந்து தேத்தண்ணி குடிப்பதை நான் வந்து பார்க்க வேண்டும், சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும், அப்படித்தானே? பன்னிரண்டு வருடம் தனியாக இருந்தீர். ஊரே உம்மை மெச்சியது. மிச்சத்தையும் அப்படியே இருந்துவிட்டுப் போனால் என்ன?

அந்தப் புத்தகத்தின் பெயரைக் கடிதத்தில் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தால் அம்மா "பிலோமினா!" என்று அதட்டுவா. கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் நின்றால் பிலோமினா. வாசல் படலையில் நின்று யாரோடாவது கதைத்தால் பிலோமினா. என் சொந்தப் பெயரை விட அந்தப் பெயரைத்தான் நான் கூடக் கேட்டு வளர்ந்தேன். அவளுடைய முடிவும் கரையில் எல்லோருக்கும் பாடம். புருசன் செத்து வருடம் திரும்பவில்லை, சந்தியாகுவைக் கட்டினாள். செத்தவனுடைய தோணியிலேயே புதியவனோடு கடலுக்குப் போனாள். கடல் எடுத்துக்கொண்டது. நான் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. தொட்டுப் பார்த்துத்தான் தெரியவேண்டும் என்றில்லை.

கருவாட்டில் பாதியை நூலகத்தில் வேலை செய்கிற ஜெமீலாவுக்குக் கொடுத்தேன். வாளியை தங்கராசாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிறின்சி


மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
6 யூன் 2024

அன்புள்ள மச்சாள்,

முத்திரை ஒட்டியிருக்கிறேன், நேராகவும் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் 'அன்புள்ள' என்பதை விட்டுவிட்டீர்கள். நான் என் பங்குக்குப் போட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

வாளி வெறுமையாக வந்தது. தங்கராசா நீட்டியபோதே பாரமில்லை. அப்படியும் வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து பார்த்தேன், அடியில் ஒரு கடதாசிச் சுருளில் உழுந்தோ கச்சான் கடலையோ இருக்கும் என்று. ஒன்றும் இல்லை, கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இத்தனை வருடத்தில் ஒரு பாத்திரம் வெறுமையாகப் போய் வந்ததில்லை, மச்சாள். முகாமில் இருந்தபோது கூட, நீங்கள் பார்க்க வந்து விட்டுப்போன கிண்ணத்தில் நான் ஒரு பிடி சீனி போட்டுத்தான் திருப்பித் தந்தேன். கடிதத்தில் எழுதியதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வாளி சுட்டது.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். பின்னேரங்களில் வின்சன் வருவார். முற்றத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கதிரை போட்டிருக்கிறேன். அல்பேர்ட்டின் கதிரையில் நான்தான் இருக்கிறேன், அவருக்குக் குசினிக் கதிரை. அவருடைய கண்ணுக்குச் சின்ன எழுத்துத் தெரியாது, அதனால் நான் சத்தமாக வாசிப்பேன். இரண்டாம் நாளே வேலிக்கு அந்தப் பக்கம் விமலேஸ்வரி முருங்கை ஆய்கிற சாட்டில் வந்து நின்றாள். நாலாம் நாள் சாட்டு எல்லாம் போய்விட்டது. "கொஞ்சம் சத்தமா வாசியுங்கோ அக்கா, காத்து அடிக்குது" என்கிறாள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எழுதின மனுசனுக்கு நிலவில் அளவுக்கு மிஞ்சின ஆசை. பக்கம் பக்கமாக நிலவு, அந்த நிலவில் பிலோமினாவின் தலைமயிர். கடல்தொழில் செய்கிறவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கவே நேரம் கிடையாது. நிலவில் விரித்துவிட்டுக்கொண்டு நிற்பாளா? மீன் குழம்புக்குப் பழப்புளி விடாமலே இறக்கிவிடுகிறாள். விமலேஸ்வரி அதற்கு ஒரு பாட்டம் ஏசினாள்.

"அந்த இடம் எப்ப வரும்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த இடம் என்று நீங்கள் கேட்க வேண்டாம். வந்தது. 'பிலோமினா கட்டிலின் நுளம்புவலையை இறக்கிவிட்டாள்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் சேவல் கூவி விடிந்துவிட்டது. விமலேஸ்வரி "இவ்வளவுதானோ? இதுக்கோ தடை செய்தவங்கள்?" என்றாள். வின்சன் அந்த நேரம் பார்த்து லாண்ட்மாஸ்டரின் டயரைப் பார்க்க எழும்பிப் போய்விட்டார்.

ஆனால், தடை செய்தது அந்த வரிக்காக இல்லை என்று நான் நினைக்கிறேன். வேறு ஓர் இடம் இருக்கிறது. புருசனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீடு நிறையச் சனம். எல்லோரும் அழுகிறார்கள். பிலோமினாவுக்குப் பசிக்கிறது. சும்மா பசி இல்லை, வயிறு காந்துகிறது. சுடுசோற்றின் வாசம் வருகிறது. அவள் தட்டில் போட்டதைத் தின்று முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு, வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நான் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

கதையில் ஒரு மச்சாளும் வருகிறா. செத்தவனுடைய அக்கா, பெயர் திரேசம்மாள். கோயிலில் அறிவித்தல் வாசிக்கும்போது எழும்பி நின்று, "தடை இருக்குது சுவாமி, எனக்கு மனமில்லை" என்கிறா. மனமில்லை என்பது தடையாகாது என்று சுவாமி சொல்ல, அப்போதும் வாங்கில் இருக்காமல் நிற்கிறா. உங்களுக்குச் சொல்லாமல் எப்படி விடுவது?

பிலோமினாவின் கலியாணத்தோடு என் புத்தகம் நின்றுவிட்டது. கடைசி அத்தியாயத்துப் பக்கங்கள் இல்லை, யாரோ கச்சான் சுற்றக் கிழித்திருப்பார்கள். மூன்று பேரும் அந்தரத்தில் நிற்கிறோம். உங்கள் ஜெமீலாவின் நூலகத்தில் மறுபதிப்பு இருக்கும். இப்போது அதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்களாமே. நீங்கள் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்து, கடல் அவளை எடுத்ததா இல்லையா என்று எழுதுங்கள். தொட மாட்டேன் என்றால் ஜெமீலாவைப் பக்கம் புரட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சாள்
யூலிற்றா


நெளுக்குளம்,
வவுனியா.
12 யூன் 2024

யூலிற்றாவுக்கு,

நூலகத்துக்குப் போனேன். புத்தகம் இருந்தது. கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். அம்மா சொன்னது சரி. தோணி கவிழ்ந்து பிலோமினா கடலில் போகிறாள். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்குகிறது. திரேசம்மாள் வந்து பார்க்கிறாள். அத்தோடு முடிகிறது.

கேட்டீர், எழுதியிருக்கிறேன். இந்த ஞாயிறு முதல் அறிவித்தல் என்று ஜெயரூபினி போனில் சொன்னாள். இனியும் காலம் இருக்கிறது, யோசியும்.

பிறின்சி


மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
17 யூன் 2024

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை முற்றத்தில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். அவர்களும் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள்தானே. விமலேஸ்வரி வேலியில் சாய்ந்து நின்று அழுதாள். "பாவி, நல்ல மாதிரி இருந்தவளே" என்று சொந்தக்காரிக்கு அழுகிற மாதிரி அழுதாள். வின்சன் "அப்ப, தோணி?" என்றார். தோணியைப் பற்றி மச்சாள் எழுதவில்லை என்றேன். "தோணியாவது கரைக்கு வந்திருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் ஐஸ் இறக்கிவிட்டு வரும்போது கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டு வாங்கிய இரண்டு லைஃப் ஜக்கெற்றோடு வந்து நிற்கிறார், ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு. நான் கரையில் இருந்து கருவாடு போடுகிறவள், அவர் லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் கடலுக்குப் போவதே இல்லை. "இருக்கட்டும், வீட்டில கிடக்கட்டும்" என்கிறார். செம்மஞ்சள் நிறத்தில் அலுமாரிப் பிடியில் தொங்குகிறது. பார்க்கிற நேரமெல்லாம் சிரிப்பு வருகிறது, மச்சாள். சிரித்து முடிந்ததும் இந்த மனுசனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நேற்று முதல் அறிவித்தல் வாசித்தார்கள். உங்கள் வாங்கில் நான் தனியாக இருந்தேன். யாரும் எழும்பவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது.

நீங்கள் யோசிக்கச் சொன்னீர்கள், யோசித்தேன். அந்தக் கதையை எழுதியவர் பிலோமினாவைக் கடலில் போட்டது அவருடைய எண்ணம். எனக்கு அவர் மேல் கோபம்தான். முன்னூறு பக்கம் அவளைச் சிரிக்க வைத்து, தோணி தள்ள வைத்து, கடைசியில் ஊருக்குப் பயந்து ஒரு அலையை அனுப்பிவிட்டார். அப்படிச் செய்தவருடைய புத்தகத்தை ஏன் தடை செய்தார்கள்? கோயிலிலேயே வைத்து விற்றிருக்கலாம். அவள் செத்துப்போனாள் என்பதற்காக நான் என் கலியாணத்தை நிறுத்தப் போவதில்லை. இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை உங்களிடம் கேட்கவேண்டும். அந்தப் பசி வருகிற இடத்தில் நான் ஏன் புத்தகத்தை மூடினேன் என்று சொல்லவில்லை. அல்பேர்ட்டின் முப்பத்தோராம் நாளில் எனக்கும் அதே பசி. நடு அறையில் சனத்துக்கு நடுவே இருந்து, தட்டில் போட்டதைத் தின்று முடித்துவிட்டு, வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருந்தது. அப்போது குசினியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். உங்கள் கண்ணும் அழுது வீங்கியிருந்தது. ஒன்றும் கேட்காமல் இன்னொரு அகப்பை சோறு போட்டீர்கள். மேலே குழம்பும் விட்டு, யாருக்கும் தெரியாமல் எனக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றீர்கள், நான் தின்று முடிக்கும் வரைக்கும்.

பிலோமினாவுக்கு அப்படி ஒருத்தி இருக்கவில்லை. எனக்கு நீங்கள் இருந்தீர்கள். அன்றைக்குக் கேட்காமல் போட்டீர்களே, மச்சாள். இன்றைக்குக் கேட்டும் ஏன் போட மாட்டேன் என்கிறீர்கள்?

வாளியில் இந்த முறை சூடைக் கருவாடு. வெறுமையாகத் திருப்பி அனுப்புவதென்றால் அனுப்ப வேண்டாம், உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

யூலிற்றா


நெளுக்குளம்,
வவுனியா.
24 யூன் 2024

என் அன்பு யூலிற்றா,

பிலோமினா சாகவில்லை.

உனக்கு நான் எழுதியது பொய். தோணி கவிழவில்லை, உடல் ஒதுங்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் நானே கைப்பட எழுதினேன். கடைசி அத்தியாயத்தைப் பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். உன் வேலிக்காரிக்கு முதலில் வாசித்துக் காட்டு, பாவம் அவள்.

நான் எப்படி அப்படிச் செய்தேன் என்று சொல்லவேண்டும். ஜெமீலா புத்தகத்தை எடுத்துத் தந்து, "இதைக் கேட்டு வாற ஆக்கள் எல்லாரும் அந்த நுளம்புவலைப் பக்கத்தைத்தான் தேடுவினம். நீங்கதான் முதன்முதலா முடிவைக் கேக்கிறீங்க" என்றாள். நான் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

அந்த அத்தியாயத்தில் பிலோமினா வருவது ஒரே ஓரிடத்தில். மிச்சம் முழுக்க திரேசம்மாள்தான். தம்பி பெண்சாதியின் கலியாணத்துக்குப் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வீட்டில் இருக்கிறாள். நத்தார் வருகிறது. எங்கே போவது என்று தெரியவில்லை. வழக்கமாகத் தம்பி வீட்டுக்குத்தான் போவாள். ஒரு விடியற்காலை பிலோமினா கடலால் வந்து, கிடைத்ததில் பெரிய பாரையாகப் பார்த்து ஒரு சட்டியில் வைத்து, கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். திரேசம்மாள் சன்னலால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு பூனை வருகிறது. பூனை தூக்கிக்கொண்டு போகட்டும், அப்படியென்றால் நான் எடுக்கவுமில்லை, எடுக்காமல் விடவுமில்லை என்று நினைக்கிறாள். பூனை சட்டிக்குக் கிட்ட வந்ததும் கதவைத் திறந்து, "சூ!" என்கிறாள். அத்தோடு புத்தகம் முடிகிறது. அதுதான் கடைசி வரி.

யூலிற்றா, எனக்கு வந்த கோபத்தை உனக்குச் சொல்ல ஏலாது. யாரோ ஒரு மனுசன், நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில், என்னைப் பற்றி எழுதி அச்சடித்து வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு உனக்கு அந்தப் பொய்யை எழுதினேன். முத்திரையும் நேராக ஒட்டினேன். இவ்வளவு காலமும் நான் முத்திரை குத்தி அனுப்பிய கடிதங்களில் எத்தனை பொய் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு நித்திரை இல்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். "ஆரைப் பற்றி?" என்று கேட்டார். "ஒரு நாவலில வாற பொம்பிளையைப் பற்றி. அவ செத்துப்போனா எண்டு எழுதிப்போட்டன்" என்றேன். சின்ன வயதுச் சுவாமி. உடனே, "பிலோமினாவையோ?" என்றார். படிக்கிற காலத்தில் வாசித்தாராம். சிரிப்பை அடக்குகிறார் என்று மறைப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. "மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கோ. பிறகு போய் அவவை உயிரோட எழுப்பிவிடுங்கோ" என்றார். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மாவும் வாசித்ததில்லை. பீடத்திலிருந்து திட்டிய சுவாமியாவது முடிவு வரைக்கும் வாசித்தாரோ தெரியாது. ஒருவரும் வாசிக்காமலே கரை முழுக்கச் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கடலில் தள்ளியிருக்கிறோம். நான் ஒருத்திதான் வாசித்துவிட்டுத் தள்ளினவள்.

அந்தச் சோறு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீ இரண்டாம் தரம் தின்றதைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. இவள் பிழைத்துக்கொள்வாள் என்று அன்றைக்கு நினைத்தேன். நீ பிழைத்துக்கொண்டது இப்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன். நீ வின்சனைக் கட்டுவதில் எனக்கு ஒன்றுமில்லை. அவர் நல்ல மனுசன், கிழமைக்கு ஒருக்கா முகச்சவரம் செய்தால் பார்க்கவும் பரவாயில்லை. எனக்குப் பயம் வேறு. பெருநாளுக்கும் நத்தாருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நான் வருகிற வீடு ஒன்றுதான் இருக்கிறது. அங்கே இனி நான் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வருகிற ஆளாகப் போய்விடுவேனோ என்று பயம். அறுபது வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

திரேசம்மாள் பூனையைத் துரத்தியதோடு எழுதியவர் நிறுத்திவிட்டார். பிறகு அந்தச் சட்டியை அவள் என்ன செய்தாள் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உன் வாளியில் உழுந்து, கச்சான், வீட்டு மரத்து மாங்காய் எல்லாம் போட்டு, மூடி ஏறாமல் கயிற்றால் கட்டி தங்கராசாவிடம் கொடுத்திருக்கிறேன். முத்திரை ஒட்டவில்லை.

பிறின்சி


மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
3 யூலை 2024

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததைப் போனில் சொன்ன பிறகும் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் ஏசுவீர்கள். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கலாம்.

மூன்றாம் ஞாயிறு காலையில் பூசை தொடங்கிய பிறகு நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, உங்கள் வழமையான வாங்கில் என் பக்கத்தில் "தள்ளி இரும்" என்று இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். சுவாமி அறிவித்தலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று கேட்டு நிறுத்தினார். கோயில் முழுக்கத் திரும்பி உங்களைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் இருமினீர்கள்.

பஸ்சில் காற்று அடித்தது, தொண்டை கட்டிவிட்டது என்று பிறகு சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் ஆண்கள் பக்கத்தில் வின்சன் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். நீங்களும் அவரைப் பார்த்து, உங்கள் கைலேஞ்சியால் வாயைத் துடைத்து, "இருமல், சுவாமி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள். சுவாமி பீடத்தில் சிரித்தார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய ஆசீர்வாதம் அந்த இருமல்தான், கலியாணத்தன்று சுவாமி தரப்போவது அதற்கு அடுத்தது.

விமலேஸ்வரிக்கு நான் ஒருதரம் வாசித்த கடைசி அத்தியாயத்தை நீங்களும் வேலியடியில் நின்று திரும்ப வாசித்துக் காட்டினீர்களே, அன்றையிலிருந்து அவள் பூனையைக் கண்டால் "சூ" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறாள். வின்சனுக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது. தோணிக்கு என்ன நடந்தது என்று கடைசி அத்தியாயத்திலும் எழுதவில்லையாம். மிதக்குது, மிதக்குது என்று சொல்லி வைத்திருக்கிறேன். லைஃப் ஜக்கெற்றுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கே உங்கள் அறைக் காற்றாடி நீங்கள் வருவதற்கு முன்னாலேயே திருத்திக் கிடந்தது. நான் திருத்தவில்லை. கலியாணத்துக்கு நான் ஓம் என்ற அன்றைக்கு அந்த மனுசன் கேட்ட முதல் கேள்வி, "மச்சாளின்ர அறையில காத்தாடி சத்தம் போடுது எண்டு நத்தாருக்குச் சொன்னவா எல்லோ, அதை ஒருக்காக் கழட்டிப் பாக்கட்டோ?" என்பதுதான். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் இவ்வளவு முத்திரையும் மிச்சமாகியிருக்கும். ஆனால் எழுதியிருந்தால் நீங்கள் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

நேற்று உங்கள் அறையைக் கூட்டினேன். தலையணைக்குக் கீழே உங்கள் பூப்போட்ட இரவுச்சட்டை மடித்தபடி இருந்தது. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து, அனுப்புவதற்கு வாளியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு யோசித்தேன். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர் ஒரு பொருளை மறந்து விட்டுப் போகிறவர் இல்லை. திரும்ப எடுத்து, அலுமாரியில் உங்கள் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

உங்கள் மச்சாள்
யூலிற்றா